கேம் ஸ்ட்ரீமிங்: சொந்தக் கணினியா, ஸ்டீமா, கிளவுடா?

உள் அறையில் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி இருக்கிறது. விளையாட விரும்புவதோ கூடத்தில் இருக்கும் டிவியில். அல்லது அப்படியொரு கணினியே இல்லை. கையில் இருப்பது கல்லூரி வேலைக்காக வாங்கிய சாதாரண மடிக்கணினி, ஆசையோ பெரிய ஆட்டங்களின் மேல். இந்த இரண்டு நிலையில் இருப்பவர்களும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்கிறார்கள்: எந்த ஸ்ட்ரீமிங் மென்பொருளை நம்பி இறங்கலாம்?

ஆட்டம் ஓர் இயந்திரத்தில் ஓட, அதன் படம் வீடியோவாக வேறொரு திரைக்கு வருவதையும், நாம் அழுத்தும் பொத்தான்கள் திரும்ப அங்கே போய்ச் சேர்வதையும்தான் இங்கே ஸ்ட்ரீமிங் என்கிறேன். யூடியூபிலும் ட்விட்சிலும் பார்வையாளர்களுக்காக ஒளிபரப்புவது வேறு வேலை. அதற்கு ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருள் இருக்கிறது. அங்கே சில நொடித் தாமதம் யாரையும் உறுத்தாது. நாம் பேசப்போகும் வேலையில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலே ஆட்டம் கெட்டுவிடும்.

வழிகள் மூன்று. சொந்தக் கணினியில் சன்ஷைன் என்ற மென்பொருளை நிறுவி, விளையாடும் கருவியில் மூன்லைட் செயலியைப் போட்டுக்கொள்வது முதல் வழி. ஆட்டங்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் கணக்கிலேயே அடங்கியிருக்கும் ரிமோட் பிளே வசதியை ஸ்டீம் லிங்க் செயலி மூலம் பயன்படுத்துவது இரண்டாவது. ஜிஃபோர்ஸ் நவ், எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் போன்ற சேவைகளுக்குச் சந்தா கட்டி, அவர்களுடைய சர்வரில் ஆடுவது மூன்றாவது; இதைத்தான் கிளவுட் என்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணினி இருப்பவர்கள் முதல் வழிக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேகம் அதற்கு ஒரு காரணம்தான். இந்த ஏற்பாட்டை யாரால் நிறுத்த முடியும், கோளாறு வந்தால் யாரால் உள்ளே பார்க்க முடியும் என்ற இரண்டு கேள்விகள் எனக்கு அதைவிடப் பெரியவை.

முதலில் வேகத்தைப் பார்த்துவிடுவோம். நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனிப் படங்கள், ஓடும் ஆட்டத்தில் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. கிராபிக்ஸ் கார்டு அந்த பிரேமை வரைந்து முடித்ததும், அதே கார்டில் உள்ள என்கோடர் அதை வீடியோவாகச் சுருக்குகிறது. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றின் கார்டுகளிலும் இதற்கென்று தனிச் சில்லுப் பகுதி இருப்பதால் சில மில்லி நொடிகளில் இந்த வேலை முடிந்துவிடும். பிறகு வலையமைப்புப் பயணம். வீட்டுக்குள் லேன் கேபிளில் அது ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நிலைமை நன்றாக இருந்தால் சில மில்லி நொடி. கடைசியாக, வாங்கும் கருவி அந்த வீடியோவை விரித்து, திரை அதைக் காட்ட வேண்டும். டிவியில் கேம் மோடைப் போட மறந்தால், படத்தை மெருகூட்டும் வேலைக்காக டிவியே பல பத்து மில்லி நொடிகளை விழுங்கிவிடும். மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப்போகும் பலருக்கு உண்மையான தீர்வு டிவியின் ரிமோட்டில் இருக்கிறது.

கிளவுடில் இந்தக் கணக்கோடு தூரமும் சேர்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி நொடியில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் ஆகாய வழியில் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். போய்த் திரும்ப 10 மில்லி நொடிக்குக் குறைய வழியே இல்லை. சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், போய்வர 29. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் எத்தனையோ ரவுட்டர்கள் நிற்கின்றன, மாலையில் தெருவே இணையத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்தால் நடைமுறையில் இது இன்னும் கூடும். எந்தப் புதிய கார்டும் இந்த அடிமட்ட எண்ணைக் குறைக்க முடியாது. சதுரங்கம், வியூக ஆட்டம், நிதானமாகக் கதை சொல்லும் ஆட்டம் ஆகியவற்றுக்கு இது பொருட்டே இல்லை. எதிரி தலைகாட்டியதும் சுட வேண்டிய ஆட்டத்திலும், சரியான கணத்தில் அடியைத் தடுக்க வேண்டிய சண்டை ஆட்டத்திலும் கை அதை உடனே உணர்ந்துவிடும்.

இனி, யாரால் நிறுத்த முடியும் என்ற கேள்வி. இந்தத் துறையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதுவே முதலில் நினைவுக்கு வரும். ஸ்டீவ் பெர்ல்மன் 2009இல் அறிவித்து 2010இல் தொடங்கிய ஆன்லைவ், பெரிய ஆட்டங்களைத் தொலைதூர சர்வரிலிருந்து ஓட்டிக் காட்டி எல்லோரையும் வியக்க வைத்தது. 2015 ஏப்ரலில் அதன் காப்புரிமைகளை சோனி வாங்கியது. சேவை அந்த மாத இறுதியோடு மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2012இல், இதே துறையில் இருந்த காய்காய் நிறுவனத்தை 38 கோடி டாலருக்கு சோனி வாங்கியிருந்தது. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரி 18 அன்று நின்றது. ஆட்டங்களுக்கும் கன்ட்ரோலருக்கும் கொடுத்த பணத்தை கூகுள் திருப்பித் தந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆட்டத்தில் சேமித்த முன்னேற்றத்தை வேறு தளத்துக்கு மாற்ற வசதி இல்லாத ஆட்டங்களில் மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தது எதையும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை. கூகுளின் பண பலம் இருந்தும் இந்த முடிவு என்றால், சந்தா கட்டும் முன் ஒருமுறை யோசிக்கத்தான் வேண்டும்.

மூன்லைட்டின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் 2013இல் லைம்லைட் என்ற பெயரில் தொடங்கிய திட்டம் அது. என்விடியாவின் கேம்ஸ்ட்ரீம் வசதி அந்த நிறுவனத்தின் ஷீல்டு கருவிகளுக்காக மட்டுமே உருவானது. அதன் இரு முனைகளும் தமக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறையை மாணவர்கள் ஆராய்ந்து, யார் வேண்டுமானாலும் எந்தக் கைப்பேசியிலும் பயன்படுத்தும்படி, நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளாக எழுதினார்கள். பத்தாண்டு கழித்து, 2023இல், கேம்ஸ்ட்ரீமை என்விடியாவே கைவிட்டது. மூன்லைட் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கணினிப் பக்கத்தில் அதே நெறிமுறையைப் பேசும் சன்ஷைன் அதற்குள் வளர்ந்திருந்தது. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளிலும் அது ஓடியது. பயனர்கள் கணினியில் ஒரு மென்பொருளை மாற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். பிறந்த இடத்தில் கைவிடப்பட்ட ஒரு தொழில்நுட்பம், அதை நேசித்தவர்கள் கையில் முன்பைவிட நன்றாக வாழ்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த செய்தி இதுதான்.

சன்ஷைனை நிறுவுவது சிரமமில்லை, ஆனால் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நிறுவியதும் அதே கணினியின் பிரவுசரில் 47990 என்ற போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலில்) அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைக்க வேண்டும். டிவியிலோ கைப்பேசியிலோ மூன்லைட்டைத் திறந்தால் வீட்டுக் கணினி தானாகவே தென்படும். அதைத் தொட்டால் நான்கு இலக்க எண் ஒன்று தோன்றும். அதை அமைப்புப் பக்கத்தில் இட்டால் இரண்டும் இணைந்துவிடும். விண்டோஸில் பின்னணிச் சர்வீஸாக ஓடுவதால், நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி குறுக்கே வந்தாலும் படம் உறையாமல் அதையும் காட்டும். தொல்லை இரண்டு இடங்களில் வரும். ஒன்று, கணினியின் மானிட்டர் அணைந்திருந்தால் பிடிப்பதற்குப் படம் இருக்காது. எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறிய போலிச் செருகி ஒன்றை வாங்கிப் போட்டால், மானிட்டர் இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். மற்றொன்று, வீட்டுக்கு வெளியே இருந்து ஆடுவது. நம் ஊர் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதால், ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனிருக்காது. புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6 கிடைத்தால் அதன் வழியே போகலாம்; இல்லாவிட்டால் டெய்ல்ஸ்கேல் போன்ற தனி வலையமைப்பு மென்பொருளை இரு பக்கமும் போட்டுக்கொள்ளலாம். அமைப்புப் பக்கத்தின் போர்ட்டை மட்டும் ஒருபோதும் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் ஸ்டீம் இருக்கிறது. வீட்டுக்குள் ஸ்ட்ரீம் செய்யும் வசதியை வால்வ் நிறுவனம் 2014இல் கொண்டுவந்தது. அதற்கென்றே ஒரு சிறு பெட்டியை 2015இல் விற்று, 2018இல் நிறுத்திவிட்டு, செயலியாக மாற்றியது. ஆப்பிள் நிறுவனம் அந்தச் செயலியைத் தன் கடையில் ஏற்க மறுத்து, 2019இல்தான் அனுமதித்தது. இன்றைக்கு ஒரே கணக்கில் உள்நுழைந்தால் போதும், வேறு எதையும் தொடத் தேவையில்லை. வெளியே இருந்தாலும் வால்வின் சர்வர்கள் உதவியோடு தொடர்பு கிடைத்துவிடும். ஒருவரிடம் மட்டும் ஆட்டம் இருந்து, தொலைவில் உள்ள நண்பர்களும் அதில் சேர்ந்து ஆடும் ரிமோட் பிளே டுகெதர் வசதி அருமையானது. அண்ணன் பெங்களூரிலும் தம்பி மதுரையிலும் இருந்துகொண்டு ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுவதற்கென்று எழுதப்பட்ட ஆட்டத்தை ஆடலாம். குறை, ஸ்டீமுக்கு வெளியே காலெடுத்து வைக்கும்போதுதான் தெரியும். வேறு கடையில் வாங்கிய ஆட்டங்களைக் கையால் சேர்க்க வேண்டும். சில சமயம் அவை இசைந்து வராது. நிர்வாகி அனுமதிப் பெட்டி வந்தால் கணினி இருக்கும் அறைக்கு எழுந்து போக வேண்டியிருக்கலாம். குழந்தைகள் ஆடும் வீட்டுக்கு, ஆட்டமெல்லாம் ஸ்டீமில் இருந்தால், நான் இதையே அமைத்துக் கொடுப்பேன்.

கிளவுடை நான் குறைத்துப் பேசவில்லை. கணினியே இல்லாதவர்களுக்கு அது நியாயமான பதில். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டின் விலையில் பல ஆண்டுச் சந்தா கட்டலாம். மின்செலவு இல்லை, அறை சூடாவதில்லை, நூறு ஜிபி அப்டேட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பெரிய சேவைகளுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. ஜிஃபோர்ஸ் நவ்வில் ஆட்டங்களை நீங்கள் ஸ்டீம் போன்ற கடைகளில் உங்கள் பெயரில் வாங்குகிறீர்கள். வாடகைக்கு எடுப்பது கணினியை மட்டும். நாளை சேவை நின்றாலும் ஆட்டம் உங்கள் கணக்கில் இருக்கும். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவில் வரும் ஆட்டங்களின் பட்டியலைச் சார்ந்தது. பட்டியலிலிருந்து ஓர் ஆட்டம் போனால், தனியாக வாங்காதவர்களுக்கு அது போனதுதான். ஆனால் முதல் வகையிலும் வாங்கியதெல்லாம் ஓடிவிடும் என்று நினைக்கக்கூடாது. ஜிஃபோர்ஸ் நவ் 2020 பிப்ரவரியில் கட்டணச் சேவையான சில வாரங்களுக்குள் ஆக்டிவிஷன் பிளிசார்டும் பெதஸ்டாவும் தங்கள் ஆட்டங்களை அதிலிருந்து எடுத்துவிட்டன. வெளியீட்டாளரின் சம்மதம் இல்லாமல் எதுவும் அங்கே ஓடாது. கட்டணச் சந்தாவுக்கும் மாதம் 100 மணி நேர வரம்பு 2025இல் நடைமுறைக்கு வந்தது. தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

டேட்டா கணக்கையும் போட்டுப் பாருங்கள். 720பி தரத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட், 1080பி தரத்துக்கு 25 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது ஜிஃபோர்ஸ் நவ். முழு 25 மெகாபிட்டில் ஓடினால் மணிக்கு 11 ஜிபிக்கு மேல். கைப்பேசியில் நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டம், 15 மெகாபிட்டிலேயே 18 நிமிடத்தில் தீர்ந்துவிடும். எனவே வீட்டு பிராட்பேண்ட் இல்லாமல் கிளவுட் பேச்சை எடுக்கவே வேண்டாம். சொந்தக் கணினியிலிருந்து வீட்டுக்குள் ஆடும்போது இந்த டேட்டா எதுவும் வெளியே போவதில்லை. எவ்வளவு உயர்ந்த தரம் வைத்தாலும் இணையக் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது. 300 வாட் இழுக்கும் கணினி மூன்று மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம், அவ்வளவுதான்.

இப்போது உள்ளே பார்க்கும் விஷயம். படம் திக்குகிறது என்றால் பலர் உடனே இணைய நிறுவனத்தைத் திட்டுகிறார்கள், அல்லது புது ரவுட்டர் வாங்குகிறார்கள். அளந்து பார்த்தால் காரணம் வேறெங்கோ இருக்கும். கணினியில் மூன்லைட் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு எஸ்ஸை அழுத்துங்கள். திரையின் மூலையில் சில வரிகள் தோன்றும். கணினி ஒரு பிரேமைத் தயாரிக்க எடுத்த நேரம், வலையமைப்பில் தொலைந்த பிரேம்களின் சதவீதம், வலையமைப்புத் தாமதம், வீடியோவை விரிக்க ஆன நேரம், காட்டும் முன் வரிசையில் காத்திருந்த நேரம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். டிவியில் செருகும் பழைய ஸ்டிக் ஒன்றில் விரிக்கும் நேரம் மட்டும் 20 மில்லி நொடியைத் தாண்டி நின்றால், வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கருவி ஒரு பிரேமை விரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது ஸ்டிக்கை மாற்ற வேண்டும். கணினி தயாரிக்கும் நேரம் ஏறி இறங்கினால், ஆட்டம் கிராபிக்ஸ் கார்டை நூறு சதவீதம் பிழிந்து, என்கோடருக்கு மூச்சுவிட இடம் தரவில்லை என்று பொருள். ஆட்டத்தின் பிரேம் வேகத்தை 60இல் கட்டிப்போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்த வரிகள் போதாதபோது விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளுக்குப் போக வேண்டும். நிகழ்வுகளைச் சுமையில்லாமல் பதிவு செய்யும் ஈடிடபிள்யூ என்ற அமைப்பு விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு பிரேமும் திரைக்குக் கொடுக்கப்படும்போது எழும் நிகழ்வை அதிலிருந்து படித்து, பிரேம் பிரேமாக நேரக் கணக்கைத் தருகிறது இன்டெல்லின் திறந்த மூலக் கருவியான பிரசன்ட்மோன். ஸ்ட்ரீமிங்கில் மட்டும் திக்குகிறதா, கணினியிலேயே திக்குகிறதா என்ற சந்தேகத்தை இது தீர்த்துவைக்கும். அதன் கோப்பில் ஒரு பிரேம் 16.7க்குப் பதில் 50 மில்லி நொடி எடுத்திருந்தால், ஸ்ட்ரீமிங் மென்பொருள் குற்றமற்றது. ஆட்டமே அந்த இடத்தில் தடுக்கியிருக்கிறது.

திடீரென்று படம் கறுத்துத் தொடர்பு அறுந்தால் பிரசன்ட்மோன் உதவாது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு நேராக 4101 என்ற எண் இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர் உறைந்து மீண்டிருக்கிறது. கெர்னல் பவர் என்ற பெயரோடு 41 இருந்தால், கணினி முறையாக அணையாமல் மின்சாரம் போயோ முழுதும் உறைந்தோ மறுபடி தொடங்கியிருக்கிறது. பவர் சப்ளையையும் யுபிஎஸ்ஸையும் பாருங்கள். ஆடும் மடிக்கணினியில் வைஃபை மட்டும் விட்டுவிட்டு அறுந்தால், விண்டோஸே கடந்த மூன்று நாள் வைஃபை வரலாற்றை வரைபடத்தோடு ஓர் அறிக்கையாகத் தரும்; கட்டளைச் சாளரத்தில் நெட்ஷ் கட்டளையை (netsh wlan show wlanreport) இட்டால் போதும். எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, ஏன் என்று அதில் இருக்கும்.

இத்தனையையும் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், மூன்று வழிகளும் இதில்தான் அதிகம் விலகி நிற்கின்றன. சொந்தக் கணினியில் இரு முனையும் உங்களுடையவை. எந்தப் பதிவையும் திறக்கலாம். ஸ்டீமிலும் அப்படியே, அதன் திரைவரிகள் மூன்லைட் அளவுக்குப் பிரித்துச் சொல்வதில்லை என்பது மட்டும் குறை. கிளவுடில் உங்களுக்குத் தெரிவது உங்கள் முனை மட்டும்: இணைய வேகம், தாமதம், வழியில் தொலைந்த தரவுப் பொட்டலங்கள். அந்த சர்வர் ஏன் திணறியது என்று நீங்கள் ஒருபோதும் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும். கோளாறைத் தானே கண்டுபிடித்துத் தீர்க்கும் மனம் உள்ளவர்களுக்கு இது பெரிய இழப்பு.

ஆக, நான்கைந்து ஆண்டுப் பழைய கார்டாக இருந்தாலும் கணினி இருந்தால் சன்ஷைனும் மூன்லைட்டும். கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். எந்த மென்பொருள் மாற்றமும் அந்த ஒரு கேபிள் தரும் பலனைத் தராது. ஆட்டமெல்லாம் ஸ்டீமில் இருந்து, அமைப்பு வேலைகளில் ஆர்வமில்லாவிட்டால் ஸ்டீம் லிங்க். பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் இந்த ஒப்பீட்டுக்குள் வரவே வேண்டாம். சோனியின் சொந்த ரிமோட் பிளே செயலியே போதும்.

கணினி இல்லாதவர்கள் கிளவுடுக்குப் போகும் முன், சேவை தங்கள் நாட்டில் அதிகாரபூர்வமாக இருக்கிறதா, அருகிலுள்ள தரவு மையம் எந்த ஊரில் என்று பாருங்கள். விபிஎன் போட்டு வேறு நாட்டுக் கணக்கு எடுப்பது, மேலே சொன்ன தூரக் கணக்கை நாமே கூட்டிக்கொள்வதாகும். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி காட்டினாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். இலவச நிலை இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். காலை நேரத்தில் சோதித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். இரவு எட்டு முதல் பதினொன்று வரை, தெருவெல்லாம் இணையத்தில் இருக்கும் நேரத்தில், நீங்கள் உண்மையில் ஆடப்போகும் ஆட்டத்தையே ஒரு வாரம் ஆடி, தாமத எண்ணையும் தொலைந்த பொட்டலங்களையும் குறித்து வையுங்கள். அந்த எண்கள் நிலையாக இருந்தால் மட்டும் மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.